கேட்டதைக் கொடுக்கும், நினைத்ததைக் கொடுக்காது

மலேசியத் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்களிடம் ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. பால்மரத்தில் அது ஒரு ரகம். நிரை நிரையாக நின்ற அந்த மரங்களில் பால் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம்.

அந்த மரத்தை வடிவமைத்தவர் யார்? பதில் சொல்வது சிரமம். எந்தப் பொறியியலாளரும் அதைத் தாளில் வரைந்து உருவாக்கவில்லை. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இரண்டு ரகங்களை இணை சேர்த்தார்கள். ஒன்று ஜாவாவிலிருந்து வந்த ‘டிஜிர் 1’. மற்றொன்று ‘பி.பி. 86’. இன்று புத்ராஜெயா நகரம் நிற்கும் நிலத்தில் அன்றிருந்த பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. பிறந்த கன்றுகளை நட்டார்கள், வளர்த்தார்கள், வெட்டிப் பால் அளந்தார்கள். அதிகம் கொடுத்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். வைத்துக்கொண்டதை மறுபடியும் இணை சேர்த்தார்கள்.

ஒரு மரம் ஏன் அதிகம் பால் கொடுக்கிறது என்பது அவர்களுக்கு முழுவதும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அளக்கத் தெரிந்தால் போதும்.

இதே வேலையைக் கணினிக்குள் செய்ய முடியுமா? முடியும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். மரத்தில் ஒரு சுற்றுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கணினியில் ஒரு தலைமுறை சில விநாடிகளில் பிறந்து, வளர்ந்து, மறைந்துவிடும். இதைப் பரிணாமக் கணிமை என்கிறார்கள். அதில் அதிகம் பேசப்படும் பிரிவுக்கு மரபணு வழிமுறை என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் பயப்படத் தேவையில்லை. பால்மரக் கதை புரிந்தவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

வேன் ஓட்டுநரின் கணக்கு

ஒரு வேன் ஓட்டுநர் 15 வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில் போவது, எதற்கு அடுத்துப் போவது? எல்லா வரிசைகளையும் எண்ணினால் 1,307,674,368,000 வருகிறது. விநாடிக்குப் பத்து இலட்சம் வரிசைகளைச் சரிபார்க்கும் கணினிக்கும் இதை முடிக்கப் பதினைந்து நாள் ஆகும். வீடுகள் 20 ஆனால்? அதே கணினிக்கு ஏறத்தாழ 77,000 ஆண்டுகள். ஐந்தே வீடுகள்தான் கூடின!

ஆகவே எல்லாவற்றையும் பார்ப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் கணினி கண்ணை மூடிக்கொண்டு நூறு வரிசைகளை எழுதுகிறது. எல்லாமே மோசமாகத்தான் இருக்கும். கிள்ளானுக்குப் போய், செராஸுக்கு வந்து, மறுபடி கிள்ளானுக்கே போகும் வழிகள் அதில் இருக்கும். ஆனால் நூறில் சில மற்றவற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஒவ்வொன்றின் மொத்தத் தூரத்தையும் கணினி கூட்டிப் பார்க்கிறது. இதுதான் பால் அளப்பது. நீளமான வழிகளைக் கழித்துவிட்டு, குறைந்த தூரத்து வழிகளைப் பெற்றோர் ஆக்குகிறது.

பிறகு இணை சேர்ப்பது. ஒரு வழியின் முதல் ஏழு வீடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். மீதி எட்டு வீடுகளை, இன்னொரு வழியில் அவை எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையில் சேர்க்கும். ‘அப்படியே பாதிக்குப் பாதி ஒட்டிவிட்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். ஒட்டினால் சில வீடுகள் இரண்டு முறை வரும், சில வீடுகள் விட்டுப்போகும். பொருள் வராத வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

கடைசியாக ஒரு சின்னக் குறும்பு. எப்போதாவது ஒரு முறை, காரணமே இல்லாமல் இரண்டு வீடுகளை இடம் மாற்றி வைக்கும். இயற்கையில் இதைச் சடுதிமாற்றம் என்கிறோம். பெரும்பாலும் இதனால் வழி கெட்டுத்தான் போகும். ஆனால் பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஒன்று பிள்ளைக்கு வர இது ஒரு முக்கியமான வாசல்.

அளப்பது, கழிப்பது, சேர்ப்பது, குறும்பு செய்வது. இதையே சில நூறு தலைமுறைகள் திருப்பித் திருப்பிச் செய்தால் நல்ல வழி ஒன்று கிடைத்துவிடும். அதுதான் ஆகச் சிறந்த வழியா என்று கேட்டால், உத்தரவாதம் கிடையாது. ‘மிக நல்லது’ கிடைக்கும், ‘இதைவிட நல்லது இல்லவே இல்லை’ என்ற சான்றிதழ் கிடைக்காது. நேரடிச் சூத்திரம் உள்ள கணக்குக்கு இந்த முறையைப் பயன்படுத்துவது வீண்வேலை. சூத்திரம் இல்லாத இடத்தில்தான் இதற்கு மரியாதை.

பெர்லினில் ஒரு மடக்குத் தகடு

இந்த எண்ணம் ஒருவருக்கு மட்டும் உதித்ததல்ல. கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1950ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இதைத் தொட்டிருக்கிறார். கற்றுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை உருவாக்குவதைப் பரிணாமத்தோடு ஒப்பிட்டு, அதில் இயற்கைத் தேர்வின் இடத்தில் சோதனை செய்பவரின் தீர்ப்பு இருக்கும் என்றார். அந்தத் தீர்ப்பு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அதுதான் பிரச்சினையாக வரப்போகிறது.

செய்து காட்டியவர்கள் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள். ஆண்டு 1964. இங்கோ ரெச்சன்பெர்க், ஹான்ஸ் பால் ஷ்வெஃபெல், பீட்டர் பீனர்ட் என்ற மூவர். ஆறு பட்டைகளை ஐந்து மூட்டுகளால் இணைத்து, மடக்கக்கூடிய ஒரு தகட்டைச் செய்து காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்தார்கள். ஒவ்வொரு மூட்டையும் 51 நிலைகளில் நிறுத்தலாம். மொத்தம் 345,025,251 வடிவங்கள். எந்த வடிவத்துக்குக் காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு?

பதில் முன்பே தெரியும். தகடு தட்டையாக இருக்க வேண்டும். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டதே முறையைச் சோதிக்கத்தான். ஒவ்வொரு மூட்டாகத் திருத்திப் பார்க்கும் வழக்கமான முறை, தகடு வளைந்திருக்கும்போதே பாதியில் சிக்கிக்கொண்டது. அப்போதுதான் எல்லா மூட்டுகளையும் ஒரே நேரத்தில் தற்செயலாகக் கொஞ்சம் அசைப்பது என்ற முடிவுக்கு வந்தார்கள். எதிர்ப்பு குறைந்தால் புதிய வடிவம் நிற்கும். கூடினால் பழைய வடிவத்துக்கே திரும்பும். கோணல் மாணலாகத் தொடங்கிய தகடு மெல்ல மெல்லத் தட்டையானது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி, அந்தச் சோதனைக்குக் கணினியே தேவைப்படவில்லை என்பது. கையால் மூட்டைத் திருகினார்கள், கருவியில் அளவைப் படித்தார்கள்.

அடுத்து வந்த சோதனையில் பதில் யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. சூடான நீர் நீராவியாக மாறிச் சீறிப் பாயும் குழல் ஒன்றுக்கு நல்ல வடிவம் தேட வேண்டும். ஷ்வெஃபெல் பல்வேறு துளை அளவுள்ள வளையங்களை அடுக்கி, தற்செயலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தொடக்கத்தில் 55 விழுக்காடாக இருந்த செயல்திறன் முடிவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. கிடைத்த வடிவமோ நடுவில் புடைப்புகளோடு, ஏதோ கடைச்சல் பிடித்த மேசைக்கால் போல இருந்தது. எந்தப் பொறியியலாளரும் அப்படி ஒன்றை வரையத் துணிந்திருக்கமாட்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலண்ட் வேறொரு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். சடுதிமாற்றத்தைவிட இணைசேர்ப்புக்கு முக்கியத்துவம் கொடுத்தவர் அவர். 1975இல் அவர் வெளியிட்ட நூல்தான் மரபணு வழிமுறைக்கு அடித்தளம். அவருடைய மாணவர் ஜான் கோசா, ஒரு படி மேலே போய், கணினி நிரல்களையே இணை சேர்த்து வளர்த்தார். சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டை 1970களில் அமெரிக்காவில் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். தற்செயலோடு அவருக்கு இருந்த உறவு பழைய உறவு என்றுதான் சொல்ல வேண்டும்.

நெளிந்த கம்பியும் கழுகு மூக்கும்

2006 மார்ச் 22ஆம் நாள் நாசா மூன்று சிறிய செயற்கைக்கோள்களை ஒன்றாக விண்ணில் செலுத்தியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 கிலோ. திட்டத்தின் பெயர் ‘எஸ்.டி. 5’. அவற்றில் இருந்த ஆண்டெனாவைப் பார்த்தவர்கள், யாரோ ஒரு பேப்பர் கிளிப்பைக் கோபத்தில் நெளித்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள். அது கணினிக்குள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்த வடிவம். விண்வெளிக்குச் சென்ற முதல் பரிணாமப் படைப்பு என்று நாசா ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

கம்பியின் ‘மரபணு’ உண்மையில் ஒரு கட்டளைத் தொடர். ‘இவ்வளவு தூரம் முன்னே போ, இந்தப் பக்கம் திரும்பு, மறுபடி போ’ என்பது போன்றது. அந்தக் கட்டளைகளைக் கலந்து, மாற்றி, பிறக்கும் ஒவ்வொரு வடிவமும் எந்தத் திசையில் எவ்வளவு நன்றாக அலைகளை அனுப்பும் என்று கணினி கணக்கிட்டது. வழக்கமான சுருள் ஆண்டெனாக்கள் இரண்டைப் பொருத்தியபோது செயல்திறன் 38 விழுக்காடு. பரிணாம ஆண்டெனாக்கள் இரண்டைப் பொருத்தியபோது 93 விழுக்காடு.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வேலை முடிந்த பிறகு செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை மாற்றப்பட்டது. முன்பு செய்த ஆண்டெனா புதிய பாதைக்குப் பொருந்தவில்லை. மனிதர் வரைந்த வடிவமாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இங்கோ அளவுகோலை மட்டும் மாற்றி எழுதி, மீண்டும் வளரவிட்டார்கள். நான்கு வாரத்தில் புதிய ஆண்டெனா செய்து சோதித்தாகிவிட்டது.

ஜப்பானின் அதிவேக ரயிலுக்கு வந்தது வேறு வகைச் சிக்கல். ரயில் வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும்போது முன்னால் இருக்கும் காற்றை நெட்டித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் மறுமுனையில் வெடிச்சத்தம் போல வெளிவரும். சுரங்க வாயிலருகே குடியிருப்பவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மூக்கை நீளமாக்கினால் சத்தம் குறையும். ஆனால் பயணிகளின் இருக்கைகளை மூக்கு தின்றுவிடும். 1997இல் வந்த 500 வரிசை ரயிலுக்கு, மீன்கொத்தியின் அலகைப் பார்த்து 15 மீட்டர் மூக்கு வைத்தார்கள். அழகான ரயில்தான். முதல் பெட்டியில் முன்பக்கக் கதவையே விட்டுவிட வேண்டியதாயிற்று.

2007 ஜூலை 1ஆம் நாள் சேவைக்கு வந்த என்700 ரயிலின் மூக்கு மரபணு வழிமுறையால் உருவானது. நீளம் 10.7 மீட்டர்தான். இருக்கைகள் முந்தைய 700 வரிசையில் இருந்த அதே 1,323. அதில் இறக்கையை விரித்த கழுகின் சாயல் தெரியும். முந்தைய ரயிலுக்கு இயற்கையில் இருந்து ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டார்கள். இதற்கு, இயற்கை உருவங்களைச் செய்யும் முறையையே எடுத்துக்கொண்டார்கள்.

கள்ளத்தனம் இல்லாத கள்ளன்

இதுவரை சொன்னவை வெற்றிக் கதைகள். இந்தத் துறையில் ஊறியவர்கள் கூடினால் பேசிக்கொள்வது வேறு கதைகளை.

1994இல் கார்ல் சிம்ஸ் என்ற ஆய்வாளர் கணினிக்குள் கட்டைகளால் ஆன உயிரிகளை வளர்த்தார். வேகமாக நகர்கிறவற்றுக்கு மதிப்பெண். நடக்கக் கற்றுக்கொள்ளும், ஓடக் கற்றுக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. சில உயிரிகள் என்ன செய்தன தெரியுமா? பனைமரம் போல உயரமாக வளர்ந்து, சோதனை தொடங்கியதும் தடாலென்று கீழே விழுந்தன. விழும்போது வேகம் கிடைக்கிறது அல்லவா! கேட்டது வேகம். நடக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

இன்னொன்று. பிழையுள்ள நிரல்களைத் தானாகத் திருத்தும் ‘ஜென்புரோக்’ என்ற பரிணாம மென்பொருளிடம், எண்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றைத் திருத்தக் கொடுத்தார்கள். வெளிவரும் பட்டியல் சரியான வரிசையில் இருந்தால் தேர்ச்சி. அது கண்டுபிடித்த ‘திருத்தம்’, எப்போதும் வெறும் பட்டியலையே திருப்பிக் கொடுப்பது. வெறும் பட்டியலில் எந்த எண்ணும் வரிசை தவறி நிற்க முடியாதே!

இப்படிப்பட்ட சம்பவங்களை ஏறத்தாழ ஐம்பது ஆய்வாளர்கள் சேர்ந்து 2018இல் ஒரு தொகுப்பாகவே வெளியிட்டார்கள். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் எல்லாக் கதையிலும் நடப்பது ஒன்றுதான். கணினி ஏமாற்றவில்லை. அதற்கு ஏமாற்றவும் தெரியாது. எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது. எழுதியவரின் மனத்தில் இருந்தது வேறு.

இவற்றிலெல்லாம் வியப்பானது பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்ரியன் தாம்சன் 1996இல் வெளியிட்ட சோதனை. உள்ளிருக்கும் இணைப்புகளை விரும்பியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு மூலையில் பத்துக்குப் பத்து, நூறு அறைகள் மட்டும். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் பிரித்தறிய வேண்டும். நேரத்தை அளக்க அதற்குக் கடிகாரத் துடிப்பு தரப்படவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஐம்பது சுற்றுகளை உண்மையான சில்லிலேயே ஏற்றிச் சோதித்தார். ஐயாயிரம் தலைமுறை அளவில், கணினி இரண்டையும் பிசகாமல் பிரித்தறியும் சுற்றைக் கொண்டுவந்து கொடுத்தது.

எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் திகைப்பு. நூறு அறைகளில் பாதிக்கும் குறைவானவையே பயன்பட்டன. அதில் சில அறைகள் மற்றவற்றோடு இணைக்கப்படவே இல்லை. ‘அப்படியானால் தேவையில்லையே’ என்று அவற்றை நிறுத்தினால், சுற்று வேலை செய்ய மறுத்தது. மின்னியல் பாடப்புத்தகத்தின்படி தொடர்பே இல்லாத அறைகள், சில்லின் நுண்ணிய பௌதிகப் பண்புகளின் வழியாக ஒன்றையொன்று பாதித்துக்கொண்டிருந்தன. வெப்பநிலை மாறினாலும் சுற்று தடுமாறியது. சோதனை நடந்த அறையில் என்ன வெப்பநிலை இருந்ததோ அதற்கேற்ப அது வளர்ந்திருந்தது. வேறு சூட்டில் யாரும் அதை அளக்கவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் 2002இல் இன்னொரு வேடிக்கை. தானாக அலைவுகளை உண்டாக்கும் மின்சுற்று வேண்டும் என்று வளர்த்தார்கள். வளர்ந்த சுற்றுகளில் ஒன்று தானாக எதையும் உண்டாக்கவில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் அலைகளை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அலைவு வேண்டும் என்று கேட்டார்கள், அது வானொலிப் பெட்டியாகிவிட்டது. இரவல் வாங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

22 கன்றுகள்

அளவுகோல் சரியாகவே இருந்தாலும் இன்னொரு குழி காத்திருக்கிறது. கேமரன் மலையில் மூடுபனி. கண் தெரியவில்லை. ஏறிக்கொண்டே போனால் உச்சிக்குப் போய்விடலாம் என்று ஒருவர் ஏறுகிறார். ஒரு சின்னக் குன்றின் முனைக்கு வந்து நிற்கிறார். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் இறக்கம். இதுதான் உச்சி என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையான உச்சி அடுத்த பக்கம் பனிக்குள் நிற்கிறது.

மரபணு வழிமுறையில் இது அடிக்கடி நடக்கும். நல்லதை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கொண்டே போனால், சில தலைமுறைகளில் நூறு பேரும் ஒரே சாயலாகிவிடுவார்கள். ஒரே மாதிரி உள்ள இருவரை இணை சேர்த்தால் என்ன பிறக்கும்? அதே மாதிரிதான் பிறக்கும். பரிணாமம் அங்கே நின்றுவிடுகிறது.

பால்மரத்தின் கதையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்தவற்றிலிருந்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலா கங்சாருக்குப் போயின. ஆசியத் தோட்டங்களில் நின்ற மரங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறிய குடும்பத்தின் வாரிசுகள். அதற்குள்ளேயே இணை சேர்த்து, அதற்குள்ளேயே தேர்ந்தெடுத்தார்கள். பால் பெருகியது. ஆனால் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்று ஒன்று உண்டு. அமேசான் காட்டில் ஃபோர்டு நிறுவனம் 1928இல் தொடங்கிய பெரிய தோட்டத்தை அதுதான் முடக்கியது. ஆசிய ரகங்களுக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. இந்தப் பக்கம் அந்த நோய் இல்லாததால், யாரும் அதை அளக்கவும் இல்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. அந்தப் பூஞ்சணம் ஆசியாவுக்குள் வராமல் இருப்பதுதான் இன்றுவரை பாதுகாப்பு.

இதை உணர்ந்துதான் 1981இல் அனைத்துலக ஆய்வாளர் குழு ஒன்று பிரேசில் காடுகளுக்குப் போய்ப் புதிய விதைகளைத் திரட்டியது. அதில் ஒரு பகுதி மலேசியாவுக்கு வந்தது. பால் அதிகம் தரும் என்பதற்காக அல்ல, குடும்பத்தில் புது இரத்தம் வேண்டும் என்பதற்காக. கணினி நிரலாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். கூட்டம் முழுவதும் ஒரே சாயலாகிவிட்டால், புத்தம் புதிய சில வரிசைகளை நடுவில் நுழைப்பார்கள். மதிப்பெண் குறைந்த சிலரையும் வேண்டுமென்றே தங்க விடுவார்கள். இன்று மோசமாகத் தெரிகிறவரின் பேரன் நாளைக்கு உச்சியில் நிற்கலாம்.

எறும்புகள் சோறு தேடும் வழியைப் பார்த்து மார்கோ டோரிகோ 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையும், பறவைக் கூட்டத்தைப் பார்த்து 1995இல் வந்த இன்னொரு முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் தேவைப்படும்.

அண்மைக் காலத்தில் குறும்பு செய்யும் வேலையை மொழி மாதிரிகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். 2025 மே மாதம் கூகல் டீப்மைண்ட் அறிவித்த ‘ஆல்ஃபா எவால்வ்’ அப்படிப்பட்டது. நிரலைக் கண்மூடித்தனமாக மாற்றாமல், நிரல் எழுதத் தெரிந்த மொழி மாதிரி மாற்றங்களை முன்மொழிகிறது. நல்லவை தங்குகின்றன. நான்குக்கு நான்கு கலப்பெண் அணிகளைப் பெருக்க 48 பெருக்கல் போதும் என்று அது காட்டியது. ஸ்ட்ராசன் என்ற கணித அறிஞர் 1969இல் தந்த வழியில் 49 தேவை. ஒன்றுதான் குறைந்தது என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வழியை யாரும் மேம்படுத்தவில்லை என்று டீப்மைண்ட் சொன்னது. ஆனால் இங்கேயும் மதிப்பெண் போடும் வரியை மனிதர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாதியரின் இரவு வேலை

ஆண்டெனாவும் ரயில் மூக்கும் இருக்கட்டும். சாதாரண மனிதரை இந்த முறை எங்கே தொடுகிறது? வேலை நேர அட்டவணையில்.

பிரிட்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றின் தாதியர் அட்டவணையை மரபணு வழிமுறையால் போடும் ஆய்வை ஊவே ஐக்கலின், கேத்ரின் டவுஸ்லண்ட் இருவரும் செய்து 2000ஆம் ஆண்டிலும் 2004இலும் வெளியிட்டார்கள். ஒரு வார்டில் முப்பது தாதியர் வரை. முழுநேரத் தாதி வாரத்துக்கு ஐந்து பகல் அல்லது நான்கு இரவு. மூன்று தகுதி நிலைகள், பகுதிநேர ஊழியர், விடுப்புக் கோரிக்கைகள். இரண்டு நல்ல அட்டவணைகளை வெட்டி ஒட்டினால், பிறப்பது பெரும்பாலும் ஆள் போதாத அட்டவணையாக இருந்தது. ஆகவே ஒரு சுற்றுவழியைக் கையாண்டார்கள். அட்டவணையை வளர்க்காமல், தாதியரை எந்த வரிசையில் கவனிப்பது என்ற பட்டியலை மட்டும் வளர்த்தார்கள். அந்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு தனி நிரல்.

ஒவ்வொரு தாதிக்கும் ஒவ்வொரு வேலை நேரமும் எவ்வளவு பாரம் என்று மதிப்பெண் உண்டு. அவருடைய விருப்பத்தோடு, முந்தைய வாரங்களில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதையும் அந்த மதிப்பெண்ணில் சேர்த்திருந்தார்கள். இந்தக் கடைசி விஷயம் பார்க்கச் சின்னதாகத் தெரியலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முப்பது தாதியருக்கும் ஆளுக்கு 2 பாரம் என்று வைத்தால் மொத்தம் 60. வேறோர் அட்டவணையில் 29 பேருக்கு ஆளுக்கு 1 பாரம், ஒருவருக்கு மட்டும் 25. மொத்தம் 54. குறைந்த மொத்தம் வேண்டும் என்று எழுதியிருந்தால் கணினி தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும். முந்தைய வாரம் கணக்கில் இல்லையென்றால் அடுத்த வாரமும் அதே தாதிக்கு அதே 25 விழலாம். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, வயதான மாமியார் இருக்கிறாரா என்பது எழுதப்பட்ட வரியில் இல்லை.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. ஒவ்வொருவரின் பாரத்தையும் தன்னோடு தானே பெருக்கிப் பிறகு கூட்டச் சொன்னால் போதும். முதல் அட்டவணைக்கு முப்பது நான்குகள், ஆக 120. இரண்டாவதுக்கு 29 உடன் 625 சேர்ந்து 654. இப்போது அதே கணினி, அதே வேகத்தில், முதல் அட்டவணையை எடுத்துக் கொடுக்கும்.

நிரலில் இது ஒரே ஒரு வரி மாற்றம். அந்த வரியை எழுதுகிறவர் வார்டில் இரவு மூன்று மணிக்கு மருந்து கொடுத்துப் பழகியவராக இருப்பது அபூர்வம். மருத்துவமனை என்றில்லை, பாதுகாவலர்களுக்கோ பேருந்து ஓட்டுநர்களுக்கோ இப்படி ஒரு மென்பொருளை விற்க வருகிறவர் ‘எங்கள் கணினி இலட்சக்கணக்கான அட்டவணைகளைப் பார்த்து மிகச் சிறந்ததைத் தரும்’ என்று சொன்னால், இலட்சத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. எதைக் கூட்டி மதிப்பெண் போடுகிறது, போன மாதம் இரவு வேலை பார்த்தவரின் பெயர் அதற்கு நினைவிருக்கிறதா, அந்த வரியை எழுதும்போது வார்டிலிருந்து யாரைக் கேட்டார்கள் என்ற மூன்றையும் தலைமைத் தாதி கேட்கலாம். அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதற்கு முன்பே கேட்கலாம்.